வேலூரில் உட்கார்ந்து கடல் காற்று பார்க்கிறவன் எழுதும் ஆப் விமர்சனம்

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலில்லாத ஊரில் கடல் மீன் கடை வைத்திருக்கிறேன். சத்துவாச்சாரியில், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். அதற்காகக் காற்று சொல்லும் ஆப் ஒன்றுக்கு வருஷ சந்தா கட்டியிருக்கிறேன் என்றால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "கடலுக்குப் போறது நீங்களா? வேலூர்ல காத்து பார்த்து என்ன பண்ணுவீங்க?"

பதில் சொல்ல ஆரம்பித்தால் மீன் வெட்டுவது நின்றுவிடும். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பாலாறு நந்தி மலையில் கிளம்பி, கர்நாடகம், ஆந்திரம் தாண்டி, 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேருகிறது. ஓடி என்று எழுதியது மரியாதைக்காக. பெரும்பாலான நாட்களில் எங்கள் பக்கம் மணல்தான் தெரியும். அந்த முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு சின்ன குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம், சதுரங்கப்பட்டினம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதுதான் பிறந்த வீடு. தாய்மாமன் அங்கே ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அவர் படகும் பக்கத்தில் நாலைந்து படகும் கொண்டுவருகிற மீன்தான் என் கடைக்கு வருகிறது. மார்க்கெட் மீன் இல்லை என்பதுதான் என் வியாபாரமே.

ராத்திரி 1.30 மணிக்குக் குட்டி யானையை எடுத்தால் ராணிப்பேட்டை, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக விடியும் முன்னே குப்பத்தில் இருக்கலாம். போக வர 280 கிலோமீட்டர். டீசல், பார் ஐஸ், டிரைவர் பையன் கூலி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்குக் குறையாது. மாமா கடலுக்குப் போகவில்லை என்றால் அத்தனையும் தண்டம். முன்பெல்லாம் ராத்திரி 9 மணிக்கு போன் போட்டுக் கேட்பேன். "போவேன்னு தான் நினைக்கிறேன் மாப்ள. காலைல கடல பாத்துதான் சொல்லணும்" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் கடலைப் பார்க்கிறபோது நான் செங்கல்பட்டில் இருப்பேன்.

அந்த இடைவெளிக்காகத்தான் ஆப் வாங்கினேன்.

ஆப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. அப்புறம், உலகப் படத்தின் மேல் காற்று கோடு கோடாக ஓடுவதைக் காட்டுகிற ஆப் பல இருக்கின்றன. உள்ளே இருக்கிற கணக்கு பெரும்பாலும் ஒன்றேதான். நீங்கள் எதை வைத்திருந்தாலும் கீழே எழுதுவதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் ஊரைத் தேடினேன். இல்லை. அதே பெயரில் வேறு மாவட்டத்தில் ஓர் ஊரைக் காட்டியது. படத்தில் நாமே ஊசி குத்திப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததால் குப்பத்தின் மேல் குத்தி "மாமா" என்று பெயர் வைத்தேன். இப்போது காலையில் போனைத் திறந்தால் "மாமா, 11 நாட், தென்மேற்கு" என்று வருகிறது. நாட் என்பது காற்றின் வேக அளவு, கீழே சொல்கிறேன். என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை.

அந்த ஊசியைக் குத்திய இடமே தப்பு என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. விடியற்காலை 4 மணிக்கு ஆப் 4 நாட் என்று காட்டும். மாமா 8 மணிக்குக் கரை வந்து, "என்னா காத்து மாப்ள, வலைய இழுக்க முடியல" என்பார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, தொடர்ந்து இப்படித்தான். ஆப் பொய் சொல்லவில்லை. அது உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், ஜி.எஃப்.எஸ். என்கிற அமெரிக்கக்காரர்களின் கணக்கில் சுமார் 13. குப்பம் மொத்தமே அரை கிலோமீட்டர் நீளம். அந்தக் கட்டத்துக்குள் பாதி சவுக்குத் தோப்பும் உப்பங்கழியும் வீடுகளும், பாதி கடல். தரையில் காற்று மரத்திலும் வீட்டிலும் உரசி வேகம் குறையும். ராத்திரியில் தரை குளிர்ந்து கிடக்கும்போது இன்னும் குறையும். கடல் மேல் தடுக்க ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது மாமா வீட்டு வாசல் காற்று, மாமா வலை போடுகிற இடத்துக் காற்று இல்லை.

சரி என்று ஊசியைப் பிடுங்கிக் கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் கிழக்கே கடலுக்குள் குத்தினேன். அன்றிலிருந்து கணக்கு ஓரளவு ஒத்து வருகிறது. காசு கட்டி வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள் என்று தெரியாது. இந்த ஒரு வரிக்காகவே இந்த விமர்சனத்தைப் படித்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது நேரம். இதுவும் யாரும் சொல்லித்தரவில்லை. ஐரோப்பிய மையத்தின் பெரிய கணக்கு நம் நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் இருக்கிற நிலவரத்தை வைத்துத் தொடங்குகிறது. கணக்கு முடிந்து நம் கைக்கு வர ஆறேழு மணி நேரம் ஆகும். ஆக, மாலைக் கணக்கு ராத்திரி 11.30, 12 வாக்கில்தான் வந்து சேரும். நான் முன்பு 9 மணிக்குப் பார்த்துவிட்டுத் தூங்குவேன். அது மத்தியானத்துப் பழைய சோறு. இப்போது 12.30-க்கு அலாரம் வைத்து எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு புதிய கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் பையனை எழுப்புகிறேன். அவன் எங்கள் கடைத் திண்ணையிலேயே படுத்திருப்பான். "போலாமாண்ணா, வேணாமாண்ணா?" என்று படுத்தபடியே கேட்பான். கண்ணைத் திறக்க மாட்டான். வேண்டாம் என்றால் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொள்வான்.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி இந்த ஆப்பில் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். ஐரோப்பா 9 நாட், அமெரிக்கா 10 நாட் என்றால் வண்டியை எடுக்கலாம். ஒன்று 8, இன்னொன்று 18 என்றால் இரண்டுக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். சராசரி எடுத்து 13 என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நான் எடுத்தேன், ஒரு தடவை. வேண்டாம்.

நாட் என்பது கப்பல்காரர்களின் அளவு. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆப்பில் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம், முதலில் மாற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் நாட்டிலேயே பழகிவிட்டால் சுலபம். மாமாவுக்கு 10 வரை பேச்சே இல்லை. 15-க்கு மேல் போனால் வலையை எடுத்து வைத்துவிடுவார். நடுவில் இருப்பது அவர் மனசு, டீசல் கடன், வீட்டில் என்ன விசேஷம் என்பதைப் பொறுத்தது. அதற்கு ஆப் கிடையாது.

வேகத்துக்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும், இடையிடையே வீசும் வீச்சின் வேகம். சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வரும் இல்லையா, அந்த "இடையிடையே"தான் இது. மேல் வரிசையில் 11 என்று இருந்து கீழ் வரிசையில் 22 என்று இருந்தால் அன்றைக்கு மழை மேகம் எங்கேயோ இருக்கிறது. படகு கவிழ்வது சராசரிக் காற்றில் இல்லை.

இனி என் தண்டத்தைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம். ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். அந்த இரண்டு மாதம் வேலூரில் கடல் மீன் விலை ஏறிவிடும். வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்காமலே நடந்து போய்விடுவார்கள். என்னைப் போல ஃபைபர் படகு மீன் எடுக்கிறவனுக்கு அதுதான் சம்பாதிக்கிற நேரம். போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் நடுவில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர், 40 கிலோ சங்கரா. சனிக்கிழமை ராத்திரி 12.30-க்குப் பார்த்தேன். 6 நாட். இரண்டு கணக்கும் 6. வீச்சு வரிசையும் 9-ஐத் தாண்டவில்லை. படமெல்லாம் வெளிர் நீலம். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், அத்தனை அமைதியான படத்தைப் பார்த்ததே இல்லை. பெட்டி நிறைய ஐஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

குப்பத்துக்குள் வண்டி திரும்பியபோதே சத்தம் கேட்டது. அலைச் சத்தம் என்றால் இடைவிடாமல் வரும் இரைச்சல் இல்லை. தொம் என்று ஒன்று. பிறகு ஒன்றுமே இல்லை. நீங்கள் ஒரு மூச்சு இழுத்து விடலாம், இன்னும் ஒன்று இழுக்கலாம். அப்புறம் மறுபடி தொம். காற்று சுத்தமாக இல்லை. மாமா பீடியைப் பற்றவைத்தார், புகை நேராக மேலே போனது. படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக இருந்தன. படகு இழுக்கிற டிராக்டர் அணைத்துக் கிடந்தது. இருட்டில் கடலைப் பார்த்தால் கறுப்பாக, எண்ணெய் ஊற்றினாற்போல வழவழவென்று இருக்கிறது. கரைக்கு முப்பது, நாற்பது அடி தூரத்தில் மட்டும் அந்தக் கறுப்பு எழுந்து நிற்கிறது, ஆள் உயரத்துக்கு மேல். நின்றபடியே ஒரு கணம் யோசித்துவிட்டு அப்படியே விழுகிறது.

"உள்ள போயிட்டா பிரச்சினையே இல்ல மாப்ள. வெளிய தொட்டில் மாதிரி இருக்கும். இத தாண்டணுமே" என்றார். எங்கள் முன்னாலேயே ஒரு பையன் படகை இறக்கிப் பார்த்தான். மூன்றாவது அலை படகைக் குறுக்கே திருப்பி மணலில் வைத்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இஞ்சினுக்குத்தான் உப்புத் தண்ணி. அதோடு யாரும் இறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து ஆப்பை நோண்டிய பிறகுதான் புரிந்தது. தப்பு ஆப்புடையது இல்லை, என்னுடையது. காற்று வரிசைக்கு இரண்டு வரிசை கீழே எல்லாம் இருந்திருக்கிறது. அலை 1.6 மீட்டர், 16 விநாடி என்று. நான் அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனதே இல்லை. விநாடி என்றால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே ஆகிற நேரம். பக்கத்துக் காற்று கிளப்புகிற அலைக்கு ஐந்து, ஆறு விநாடி. அது சலசலவென்று வந்துகொண்டே இருக்கும், அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. 14, 16 விநாடி என்றால் அது நம் கடலில் பிறந்த அலையே இல்லை. இந்துமாக்கடலின் தென்கோடியில் எங்கேயோ புயல் அடித்திருக்கும். அங்கே கிளம்பிய அலை ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் போல நடந்து, ஐந்தாறு நாள் கழித்து, காற்றே இல்லாத ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் குப்பத்தில் வந்து விழும். ஆழத்தில் இருக்கிறவரை அது தெரியாது. கரையில் தரை தட்டும்போதுதான் எழுந்து நிற்கும். கேரளக்காரர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ரொம்பப் பொருத்தமான பெயர். ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் 1999-லிருந்து கடல் நிலவரத்துக்கென்றே இருக்கிறது. இந்த மாதிரி தூரத்து அலைக்குத் தனியாகவே எச்சரிக்கை கொடுக்கிறார்கள். இலவசம்தான், தேடிப் பார்த்தால் போதும்.

கல்யாண வீட்டுக்குக் காசிமேட்டுச் சரக்கை வாங்கி, கையிலிருந்து காசு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கணக்கு வேண்டாம்.

ஆப் மேல் குறை சொல்ல வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். ஆசையாக மாற்றினேன். தூரத்திலிருந்து வருகிற இந்த அலைக்கு ஆங்கிலத்தில் ஸ்வெல் என்று பெயர். எந்த மெஷினோ அகராதியைப் பார்த்து அதை "வீக்கம்" என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. "வீக்கம் 1.6 மீ." மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "யாருக்கு வீக்கம்?" என்றார். நான் அந்த வரிசையைத் தொடாமலே இருந்ததற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. பெரிய அலை என்று போட்டிருந்தால் ஒருவேளை பார்த்திருப்பேனோ என்னவோ. கடலோரத்தில் இதையெல்லாம் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது! வாடை என்றால் வடக்கேயிருந்து, கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து, கச்சான் என்றால் மேற்கேயிருந்து. ஒரே சொல்லில் திசையும் வந்துவிடும், பருவமும் வந்துவிடும். ஆப்பில் "வகிவ" என்று எழுதியிருக்கிறது. வடகிழக்கு வடக்காம். ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டேன்.

திசை பற்றி இன்னொன்று. அம்புக்குறி காற்று போகிற பக்கத்தைக் காட்டும், எழுத்து வருகிற பக்கத்தைச் சொல்லும். முதல் ஒரு வாரம் எல்லோருக்கும் குழம்பும்.

கடற்காற்று விஷயத்தில் ஆப் பரவாயில்லை ரகம். கோடையில் தரை காய்ந்து, மேலே போன காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். குப்பத்தில் அது மத்தியானம் 12-ஐ ஒட்டி வரும். மேற்குக் காற்று வலுவாக இருக்கிற ஜூன், ஜூலையில் 2 மணிக்குக் கூட இழுக்கும். ஆப் அதை ஒரு மணி நேரம் முன்னே பின்னே சொல்லிவிடுகிறது. ஆனால் வந்த பிறகு எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதில் எப்போதும் குறைத்தே சொல்கிறது. ஜூன் காலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது கரையோரக் கடல் தாம்பாளம் மாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்கு ஆசை வரும். மாமாவுக்கு அதுதான் பயம். போவது சுலபம், காற்றே தள்ளிக்கொண்டு போகும். இஞ்சின் நின்றுவிட்டால் திரும்பி வருவது எப்படி?

இந்தக் கடற்காற்று வலுவான நாட்களில் ராத்திரி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிடும். நான் படித்துச் சொல்லவில்லை, அம்மா சொல்வது. மே மாதத்தில் மொட்டை மாடியில் பாய் போட்டிருப்போம். சுவர் எல்லாம் அடுப்பு மாதிரி இருக்கும். 8, 9 மணிக்கு மேல் கிழக்கேயிருந்து ஒரு காற்று கொஞ்சம் ஈரத்தோடு வரும், துணிக்கொடி அசையும். "எங்க ஊரு காத்து வந்துடுச்சுடா" என்பாள். கல்யாணமாகி வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஆப்பில் வேலூர் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், அந்த நேரத்துக்குக் கிழக்கு 6 நாட் என்று காட்டியது. அம்மாவிடம் சொன்னேன். அதற்கு ஏன் காசு கட்டினாய் என்றாள்.

இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த ஆப் என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது. 2022 டிசம்பர் 9, மாண்டஸ் புயல். நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் பக்கத்தில் கரை கடந்தது. குப்பத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், படகுகளை டிராக்டர் வைத்துத் தெரு வரைக்கும் இழுத்துவிட்டார்கள். மாமாவோடு போனில் இருந்தேன். இங்கே படத்தில் அந்தச் சுழி மெல்ல மேலேறி வருகிறது. ஊசி குத்திய இடத்தில் அம்பு வாடையாக இருந்தது, மெதுவாக மேற்காகத் திரும்பியது. "இப்ப மேக்கேருந்து அடிக்குதா மாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. ஓட்டுச் சத்தம் மட்டும். அப்புறம், "உனக்கு எப்பிட்றா தெரியும்?" என்றார். அதற்கு முன் வரைக்கும் இதை அவர் பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன் என்பதற்காக, புயல் நாளில் ஆப்பை வைத்து முடிவு எடுக்காதீர்கள். இது வண்ணம்தான் காட்டும், போகாதே என்று சொல்லாது. வானிலை மையம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால் அன்றைக்கு என் போனை நான் எடுப்பதே இல்லை. மாமாவைக் கேட்கவும் மாட்டேன். நான் கேட்டால் போனாலும் போய்விடுவார், மருமகன் கேட்கிறானே என்று.

ஆப்புக்குத் தெரியாதது என்றால் முகத்துவாரம். 2021 நவம்பரில் எங்கள் பாலாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வேலூரில் சனம் குடும்பத்தோடு பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அந்தத் தண்ணி அத்தனையும் போய்க் குப்பத்துக்குத் தெற்கே மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எங்கே ஆழம், எங்கே திட்டு, அலை எந்த இடத்தில் முறியும் என்பதெல்லாம் மாறிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மாறுகிறது. நீவாடும், அதாவது கடலுக்குள் ஓடுகிற நீரோட்டமும், அப்படித்தான். மேலே காற்று தெற்கேயிருந்து அடிக்கும், அடியில் தண்ணி வடக்கேயிருந்து இழுக்கும். வலை எந்தப் பக்கம் போகும் என்பது அடித்தண்ணியைப் பொறுத்தது. ஆப்பில் அதற்கும் ஒரு வண்ணப்படம் இருக்கிறது. மாமா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார் என்று நினைக்கிறேன்.

எச்சரிக்கை மணி என்று ஒரு வசதி. காற்று 20 நாட்டைத் தாண்டும் என்றால் போன் அடிக்கும்படி வைக்கலாம். வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கியதும் தினம் அடித்தது, இழவு வீட்டில் கூட அடித்தது. எடுத்துவிட்டேன்.

காசு விஷயம். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். இலவசத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு கணக்குதான் தெரியும், காசு கட்டினால் மணிக்கு மணி. எனக்கு வேண்டியது விடியற்காலை 3 முதல் 8 வரை. அதில் மூன்று மணிக்கு ஒரு தடவை என்றால் இரண்டே எண்தான் கிடைக்கும், போதாது. ஒரு வருஷத்தில் வெறுங்கையோடு திரும்பிய நடை மூன்று. ஆப் இல்லாத வருஷத்தில் பதினொன்று, டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நடை மிச்சமானாலே சந்தாவுக்கு மேல் ஆகிவிட்டது. பொழுதுபோக்குக்குப் பார்க்கிறவர்களுக்கு இலவசமே தாராளம்.

காற்றுக்கு நாலரை நட்சத்திரம். அலைக்கு நாலு. தமிழுக்கு அரை, அதுவும் சிரிக்க வைத்ததற்காக. இந்த ஆப்பைச் செய்கிறவர்கள் யாராவது தமிழ் படித்தால் முதலில் அந்த வீக்கத்தை இறக்கிவிடுங்கள்.

இப்போது அலை வரிசையைப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. வியாழன் ராத்திரிக்கு இப்போதைக்கு 8 நாட், தெற்கு, அலை 0.7 மீட்டர், 7 விநாடி. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. 12.30-க்கு ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கடை திறந்திருக்கும், சங்கராவும் கானாங்கத்தையும் வேண்டுமென்கிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நெத்திலி உறுதியில்லை.